மூட்டு: ஒரு தையற்சொல்லின் வரலாறு

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் கைலி வாங்குகிறவர்கள் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. கடையில் மடித்துத் தரும் கைலி இரு முனையும் விட்ட நீளத் துணி. தெருவோரம் மிஷின் போட்டிருக்கும் தையற்காரரிடம் கொடுத்து, “மூட்டிக் குடுங்க” என்பார்கள். அவர் இரண்டு ஓரங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நகத்தால் ஒரு கீறு கீறி, மேலிருந்து கீழ்வரை ஒரே ஓட்டு ஓட்டுவார். ஒரு நிமிடம்கூட ஆகாது. “தைத்துக் கொடுங்கள்” என்று அங்கே யாரும் சொல்வதில்லை. சட்டை தைப்பது வேறு, கைலி மூட்டுவது வேறு. தைப்பதில் வெட்டு உண்டு, அளவு உண்டு. மூட்டுவதில் இரண்டு விளிம்புகள் ஒன்றாவது மட்டும்தான்.

அங்கிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் குரோம்பேட்டைப் பக்கம் வந்தால் தாம்பரம் சானடோரியம். 2005-இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், அதைச் சேர்ந்த அயோத்திதாசப் பண்டிதர் மருத்துவமனையும் இங்கேதான் இருக்கின்றன. காலையில் சீட்டு வாங்க நிற்கும் வரிசையில் காது கொடுத்தால் “மூட்டு வலி” என்பது திரும்பத் திரும்ப விழும். கைலியை மூட்டிய அதே சொல்தான் இதுவும். இந்த உறவை நாம் மறந்துவிட்டோம். மறந்ததால் நம் முழங்கால்களுக்கு நேர்ந்த கேட்டைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, மூட்டுதல் என்பதற்குப் பொருத்துதல், இணைத்தல், தைத்தல் என்ற வழியில் பொருள் காட்டுகிறது. பெயர்ச்சொல்லான மூட்டு உடம்பில் எலும்புகள் கூடும் இடத்தையும் குறிக்கும், துணியிலும் சாக்கிலும் தையல் விழுந்த இடத்தையும் குறிக்கும். தீ மூட்டுவது இந்தக் குடும்பம் அல்ல. அது மூள் என்பதன் பிறவினை. தீ மூள்கிறது, நாம் மூட்டுகிறோம். எழுத்தில் ஒன்றாக நிற்கும் இரண்டு சொற்கள் இவை. மூட்டை நம் மூட்டின் உறவு: துணியின் முனைகளைக் கூட்டிக் கட்டியது மூட்டை. தெலுங்கில் மூட்ட, கன்னடத்தில் மூட்டெ, எல்லாம் அதே கட்டுதான். மூட்டைப்பூச்சியை மூட்டுப்பூச்சி என்றும் எழுதுவார்கள். பாயின் மூட்டில் ஒளிந்திருப்பதால் அந்தப் பெயர் வந்ததென்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லுக்கு வம்சாவளி எழுதக்கூடாது. அதை விட்டுவிடுகிறேன்.

மூட்டின் பக்கத்து வீட்டுக்காரர் முட்டு. ஒன்றன்மேல் ஒன்று இடிப்பதும் தாங்கி நிற்பதும் முட்டு. சாயும் சுவருக்கு முட்டுக் கொடுக்கிறோம். மலையாளத்தில் முட்டு என்றாலே முழங்கால். சென்னைப் பேச்சில் அது முட்டி. “முட்டி வலிக்குது” என்பார்கள். பள்ளிக்கூடத்தில் முட்டி போடாமல் வளர்ந்தவர்கள் என் தலைமுறையில் குறைவு. வேறு ஊர்களில் அதையே மண்டி போடுவது என்பார்கள். அந்த மண்டி, கன்னடத்தில் இன்றும் முழங்காலின் பெயர். பெங்களூரில் ஒருவர் மண்டி நோவு என்றால் முழங்கால் வலி என்று பொருள். தேவாலயத் தமிழில் அது முழந்தாளிடுதல். ஒரே உறுப்பை வகுப்பறை ஒரு பெயராலும் வழிபாடு ஒரு பெயராலும் அழைக்கின்றன.

முழங்காலில் ஒரு முழம் இருக்கிறது. தாம்பரம் மார்க்கெட்டில் பூக்காரம்மா சரத்தை விரல் நுனியிலிருந்து முழங்கை வரை இழுத்து ஒரு முழம் என்று நறுக்குகிறார். அளவு தொடங்கும் இடம் விரல், முடியும் இடம் ஒரு மூட்டு. கன்னடத்தில் மொள என்றால் முழம், மொளகை என்றால் முழங்கை, மொளகாலு என்றால் முழங்கால். பரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைப் புரட்டினால் இப்படிப்பட்ட உறவுகள் பக்கம் பக்கமாகக் கிடைக்கும். கிராமத்துப் பேச்சில் விரல்கணுவை முழி என்றும் மொழி என்றும் சொல்வதுண்டு. “முழி பிசகிப் போச்சு” என்று பாட்டிமார் சொல்வது இதைத்தான். கரும்புக்கும் மூங்கிலுக்கும் கணு உண்டு, காலுக்கும் கணு உண்டு. கணுக்கால் என்று சொல்லும்போது யாருக்கும் கரும்பு நினைவுக்கு வருவதில்லை என்றாலும், நம் உடம்புக்குப் பெயர் வைத்தவர்கள் வயலையும் வேலியையும் பார்த்துக்கொண்டே வைத்தார்கள் என்பதற்கு அது சாட்சி.

முழங்காலின் முன்னால் இருக்கும் தட்டை எலும்புக்கு நாம் வைத்த பெயர் சில்லு. மலையாளத்தார் சிரட்டை என்கிறார்கள். லத்தீனில் பட்டெல்லா, அதாவது சிறு தட்டு. மூன்று நாட்டுக்காரர்களும் கையால் தொட்டுப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இனி மூட்டுக்குப் போட்டியாக வந்த இரண்டு சொற்களைப் பார்க்க வேண்டும். ஒன்று சந்து, சந்தி. எலும்புகள் சந்திக்கும் இடம், தெருக்கள் சந்திக்கும் இடம், இலக்கணத்தில் சொற்கள் சந்திக்கும் இடம், எல்லாவற்றுக்கும் அதுவே பெயர். யாழ்ப்பாணத்தில் இன்றும் சாலைகள் கூடும் இடம் சந்திதான். இங்கே அது கூட்டு ரோடாகவும் ஜங்ஷனாகவும் மாறிவிட்டது. முச்சந்தி மட்டும் பேச்சில் மிஞ்சியிருக்கிறது. யாழ்ப்பாணம் என்றதும் மானிப்பாயில் இருந்து மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிரீனைச் சொல்லாமல் போகக் கூடாது. மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முடியும் என்று நம்பி, மாணவர்களோடு சேர்ந்து நூல்களைப் பெயர்த்தவர். அவருடைய உடற்கூற்று நூல் 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் வந்தது. தலைவியின் கூந்தல் முதல் பாதம் வரை பாடும் கேசாதிபாதம் என்ற வகை நம் இலக்கியத்தில் இருந்தது. அந்த அச்சில் உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கலைச்சொல் எப்படி ஆக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

மற்றொன்று கீல். சித்த மருத்துவம் பிடித்துக்கொண்ட சொல் இது. கீல்வாயு, கீல்வாதம். சானடோரியத்தில் உள்ள மருத்துவர்கள், வயதில் வரும் முழங்கால் வாதத்தை அழல் கீல்வாயு என்றும், இரண்டு கைகளிலும் விரல்கணுக்கள் வீங்கும் வகையை வளி அழல் கீல்வாயு என்றும் எழுதுவார்கள். வளி என்பது வாதம், அழல் என்பது பித்தம். யூகி முனிவர் பெயரால் வழங்கும் நூல் வாத நோய்களை 80 என்று வகுக்கிறது. மருந்து உள்ளே கொடுப்பது ஒரு பக்கம் என்றால், ஒற்றடம், பற்று, தொக்கணம் என்று வெளியிலிருந்து செய்யும் 32 முறைகள் இன்னொரு பக்கம். தொக்கணம் என்பது உடம்பைப் பிடித்துவிடுவது, தேய்ப்பது, மடக்கி நீட்டுவது. அதாவது மூட்டை அசைப்பது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீல் என்ற சொல் கதவுக்கும் உண்டு. வடமொழியில் கீலம் என்றால் முளை, ஆப்பு. தெலுங்கிலும் கன்னடத்திலும் கீலு என்றால் உடம்பின் மூட்டும் உண்டு, எந்திரத்தின் பொருத்தும் உண்டு. தெலுங்கில் 1949-இல் ‘கீலு குர்ரம்’ என்றொரு படம் வந்தது. எந்திரக் குதிரை என்று பொருள். யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. கீல் என்றதும் மனத்தில் எழும் படம்தான் முக்கியம்: இரண்டு தகடுகள், நடுவில் ஒரு ஆணி. நம் பாடநூல்கள் இந்தப் படத்தைத்தான் எடுத்துக்கொண்டன. பந்து கிண்ண மூட்டு தோளிலும் இடுப்பிலும், முளை மூட்டு கழுத்தில், வழுக்கு மூட்டு மணிக்கட்டில், கீல் மூட்டு முழங்கையிலும் முழங்காலிலும் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். ஒருகாலத்தில் ஒரே பொருள் தந்த இரண்டு சொற்களில் ஒன்று மற்றொன்றின் அடைமொழியாகிவிட்டது.

முழங்காலைத் திறந்து பார்த்தால் அங்கே ஆணி இல்லை. தொடையெலும்பின் உருண்ட இரண்டு குமிழ்கள், முன்காலெலும்பின் ஏறத்தாழத் தட்டையான மேற்பரப்பில் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. எலும்பு எலும்பைப் பிடித்து நிறுத்தும் ஏற்பாடு எதுவும் கிடையாது. மடக்கும்போது உருள்கிறது, வழுக்குகிறது. முழுக்க நீட்டும்போது கடைசியில் சற்றுத் திரும்பிக்கொள்கிறது. கதவுக்கீலால் இதில் ஒன்றைத்தான் செய்ய முடியும். பின் எது பிடித்து வைத்திருக்கிறது? இரண்டு எலும்புகளின் முனைகளையும் சுற்றிலும் ஒரு நார்த்துணி உறை கவ்வியிருக்கிறது. மேல் விளிம்பு ஒரு எலும்பில், கீழ் விளிம்பு மற்றதில். மூட்டிய கைலியைப் போல அது ஒரு குழாய். அதற்கு வலுவாக உள்ளே குறுக்காக இரண்டு பந்தகங்கள், பக்கங்களில் இரண்டு. எலும்புகளுக்கு நடுவே பிறை வடிவில் இரண்டு மெத்தைகள். இவை எல்லாவற்றுக்கும் மேலே, முன்தொடைத் தசை இறங்கி வந்து, சில்லைத் தன்னுள் பொதிந்துகொண்டு, முன்காலெலும்பில் போய்ப் பற்றுகிறது. முழங்கால் கீல் அல்ல, மூட்டியது. நம் முன்னோர் உடலை அறுத்துப் பார்த்து இந்தப் பெயர் வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆட்டுக்கால் வெட்டியவர்கள், மாடு உரித்தவர்கள், பிசகிய காலைக் கட்டிய வைத்தியர்கள் இங்கே இருந்தார்கள். அந்தக் கைகளுக்குத் தெரிந்தது இந்தச் சொல்லில் தங்கியிருக்கிறது.

சானடோரியம் என்ற பெயரும் எலும்போடு தொடர்புள்ளதுதான். லத்தீனில் குணமாக்குதல் என்ற வினையில் பிறந்த சொல் அது. இங்கிலாந்தில் காசநோய் மருத்துவம் பார்த்துவிட்டுத் திரும்பிய டாக்டர் சௌரிமுத்து 1928-இல் இங்கே காசநோயாளிகளுக்காக ஒரு நலவாழ்வகம் தொடங்கினார். பின்னர் அது அரசுக்குப் போயிற்று, இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. ஊர்ப்பெயராகி, ரயில் நிலையப் பெயருமாகி நிலைத்துவிட்டது சானடோரியம். காசநோய்க்கு நம்மவர் வைத்த பெயர் எலும்புருக்கி. உடம்பு உருகி எலும்பாய்ப் போவதைப் பார்த்து வைத்த பெயர் என்றாலும், அந்தக் கிருமி முதுகெலும்பையும் இடுப்பையும் முழங்காலையும் நிஜமாகவே அரிக்கும். ஒரே மூட்டு மாதக்கணக்கில் வீங்கி, மாலையில் காய்ச்சல் வந்தால் மருத்துவர்கள் இன்றும் அதை நினைத்துப் பார்க்கிறார்கள்.

இதே பகுதியில் 2006-இல் பலர் குனிந்துகொண்டே நடந்தார்கள். சிக்குன்குனியா. கோழி தின்றால் வருவது என்று எண்ணியவர்களும் உண்டு. பெயரின் பின்பாதியில் தமிழ்க் குனிதலைக் கண்டவர்களும் உண்டு. உண்மையில் அது கிழக்கு ஆப்பிரிக்காவில் மக்கொண்டே மக்கள் பேசும் மொழிச் சொல். 1952-53-இல் அன்றைய டாங்கனிக்காவில் அந்த நோய் பரவியபோது, வளைந்து போவது என்ற பொருளில் அவர்கள் சொன்னது. மூட்டு வலியில் நிமிர முடியாமல் வளைந்த மனிதரைப் பார்த்து வைத்த பெயர். தமிழ்ப் பொருளோடு ஒத்துப்போனது தற்செயல். இந்த நோய் நமக்குப் புதிதும் அல்ல. 1964-லேயே சென்னையில் பரவியிருக்கிறது. காய்ச்சல் சில நாளில் இறங்கிவிடும், மூட்டு வலி சிலருக்கு மாதங்கள் நீடிக்கும். கொசு ஒழிப்பும் மூட்டுப் பராமரிப்பில் சேரும் என்பதைத் தென்சென்னைப் புறநகர் வலியோடு கற்றுக்கொண்டது.

நோய்க்கும் மருந்துக்கும் தமிழில் ஒரே வேரிலிருந்து பெயர் வந்ததற்கு முடக்கு நல்ல எடுத்துக்காட்டு. முடக்குவாதம் நோய். முடக்கை அறுப்பது முடக்கறுத்தான், வாயில் தேய்ந்து முடக்கத்தான். வேலியில் படரும் கொடி. காற்றடைத்த காயைப் பிள்ளைகள் நெற்றியில் அடித்து வெடிப்பார்கள். அதன் கறுப்பு விதையில் வெள்ளை இதயக்குறி ஒன்று இருக்கும், தாவரவியலார் அதைப் பார்த்துக் கிரேக்கத்தில் இதயவிதை என்று பெயரிட்டார்கள். அவர்கள் விதையைப் பார்த்தார்கள், நாம் முழங்காலைப் பார்த்தோம். பிரண்டையும் இப்படித்தான். கணுக்கணுவாக மூட்டி வைத்தது போன்ற தண்டு. இந்தியில் அதன் பெயர் ஹட்ஜோட், எலும்பை இணைப்பது. முடக்கத்தான் தோசையும் பிரண்டைத் துவையலும் வாரம் ஒருமுறை வைக்கட்டும், நல்ல சாப்பாடுதான். விரல் முழிகள் வீங்கிய முடக்குவாதத்துக்கு மருத்துவர் எழுதிய மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீரையை நம்புவது வேண்டாம். அந்த நோயில் முதல் சில மாதங்களில் மருந்து தொடங்குவதும் தொடங்காததும்தான் விரல்களின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது.

இப்போது நம் காலத்தின் சொற்களுக்கு வருகிறேன். மூன்று சொற்கள் எல்லார் வாயிலும் இருக்கின்றன: ஜவ்வு, பசை, தேய்மானம்.

ஜவ்வு என்பதில் குருத்தெலும்பு, பந்தகம், பிறைமெத்தை மூன்றும் அடங்கிவிடுகின்றன. “ஜவ்வு கிழிஞ்சிருக்கு” என்று கேட்டுவிட்டு வருகிறவருக்கு எது கிழிந்தது என்று தெரியாது. கால்பந்து ஆடும்போது முழங்கால் திரும்பி உள்பந்தகம் அறுந்த இளைஞரின் ஜவ்வும், அறுபது வயதில் பிறைமெத்தை நைந்த அம்மாவின் ஜவ்வும் ஒன்றல்ல. முன்னவருக்கு அறுவை தேவைப்படலாம், பின்னவருக்குப் பெரும்பாலும் பயிற்சி போதும். மருத்துவர் ஜவ்வு என்றால் எந்த ஜவ்வு என்று கேளுங்கள்.

பசை என்பது மூட்டு உறையின் உட்புறத்தில் ஊறும் நீர். 16-ஆம் நூற்றாண்டில் பாரசெல்சஸ் இதற்குச் சைனோவியா என்று பெயர் வைத்தார். முட்டையின் வெள்ளைக்கருவைப் போல் இருப்பதால் அப்படி என்று பொருள் சொல்வார்கள். நல்ல முழங்காலில் இது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. “பசை வத்திப்போச்சு” என்பது பெரும்பாலும் தவறு. வாதம் வந்த முழங்காலில் நீர் கூடித்தான் வீங்குகிறது, அதன் வழவழப்புத்தான் குறைகிறது. இன்னொரு செய்தி இதைவிட முக்கியம். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. 1743-லேயே லண்டனில் வில்லியம் ஹண்டர் மூட்டுக் குருத்தெலும்பை ஆராய்ந்து, அது அழிந்தால் மீள்வதில்லை என்று எழுதிவிட்டார். அதற்குச் சோறு போடுவது இந்த நீர்தான். காலை ஊன்றும்போது அழுத்தத்தில் குருத்தெலும்பிலிருந்து நீர் வெளியேறுகிறது, காலை எடுக்கும்போது புதிய நீர் உள்ளே போகிறது. நடக்காத முழங்காலின் குருத்தெலும்பு பட்டினி கிடக்கிறது.

தேய்மானம் என்ற சொல்லின் மேல் எனக்குக் கோபமே உண்டு. செருப்பு தேயும், டயர் தேயும், நகையில் தேய்மானம் பிடிப்பார்கள். அந்தச் சொல்லை முழங்காலுக்குச் சூட்டினால் கேட்கிறவர் என்ன முடிவுக்கு வருவார்? நடக்க நடக்கத் தேயும், ஆகவே நடக்காமல் காப்பாற்றுவோம் என்றுதான். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து “இடைவெளி குறைஞ்சிருக்கு பாருங்க” என்று காட்டியதும், அதுவரை ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தவர் அடுத்த நாளே சோபாவில் உட்கார்ந்துவிடுகிறார். தொடைத் தசை சில வாரங்களில் சுருங்கத் தொடங்குகிறது. எடை ஏறுகிறது. வலி கூடுகிறது. தேய்மானம் அதிகமாகிவிட்டது என்று எல்லாரும் நம்புகிறார்கள். உண்மையில் தையல்தான் தளர்ந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் இடைவெளி குறைந்தும் வலியே இல்லாதவர்கள் நிறைய. படம் நன்றாக இருந்தும் வலியில் துடிப்பவர்களும் உண்டு. வயதில் வரும் முழங்கால் வாதம் எலும்பு, உறை, தசை, நீர் எல்லாம் சேர்ந்த முழு மூட்டின் நோய் என்றுதான் இன்றைய மருத்துவம் பார்க்கிறது. உலகெங்கும் அதற்கு முதல் சிகிச்சையாகச் சொல்லப்படுவது உடற்பயிற்சியும், எடை கூடியவர்களுக்கு எடைக் குறைப்பும். 2005-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை நான்கு கிலோ குறைவதாகக் காட்டியது. ஒரு நாளில் எத்தனை அடி வைக்கிறோம் என்று பெருக்கிப் பாருங்கள்.

செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, முன்தொடை இறுகுவதை உணர்ந்து, சில நொடி நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். பத்துப் பத்தாக இரண்டு கால்களுக்கும். பழகியதும் கைப்பிடியைத் தொடாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். சமதரையில் தினமும் நடங்கள். வண்டலூர்ப் பக்கமோ சிட்லப்பாக்கம் ஏரிக்கரையோ, எது வீட்டுக்குக் கிட்டமோ அது. பயிற்சியில் லேசான வலி வந்து மறுநாளுக்குள் அடங்கினால் பயமில்லை. மறுநாளும் வீங்கியிருந்தால் அளவைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் பலர் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்குவதைப் பார்க்கிறேன். அவர்களுக்கு ஒரு விதி: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகும் கால் முதலில், கை எப்போதும் கம்பியில். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வலியில்லாமல் எழ முடிகிறவர்கள் அந்தப் பழக்கத்தை விட வேண்டாம். அது மூட்டை முழு அளவுக்கு மடக்கும் நல்ல பயிற்சி. முடியாதவர்கள் வீம்புக்குச் செய்ய வேண்டாம்.

சிலவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. மூட்டு திடீரென்று சிவந்து, சுட்டு, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனை. காலையில் எழுந்ததும் விரல்கள் அரைமணி, ஒருமணி நேரம் மடங்காமல் விறைத்திருந்தால் முடக்குவாதப் பரிசோதனை. இரவில் கால் பெருவிரல் மூட்டு தீயாய் எரிந்தால் யூரிக் அமிலம் பார்க்க வேண்டும். விழுந்தபின் காலை ஊன்ற முடியாவிட்டால், மூட்டு மாட்டிக்கொண்டு நீட்ட முடியாவிட்டால் எலும்பு மருத்துவர். பெயரில்லாப் பொட்டலத்தில் வரும் மூட்டுவலிப் பொடிகள் ஒரே நாளில் அற்புதம் செய்தால் சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு கலந்த பொடிகள் அப்படித்தான் வேலை செய்யும், பின்னால் எலும்பையும் சர்க்கரையையும் கெடுக்கும்.

மணப்பாக்கத்தில் 1999 முதல் இயங்கும் மியாட் மருத்துவமனையின் பெயரில் ஆர்த்தோபீடிக்ஸ் என்ற சொல் ஒளிந்திருக்கிறது. 1741-இல் பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்த்ரி உண்டாக்கிய சொல் அது. கிரேக்கத்தில் நேரான பிள்ளை. பிள்ளைகளின் கோணல் கால்களை நிமிர்த்துவதற்காகப் பிறந்த கலை இன்று பெரும்பாலும் பெரியவர்களின் முழங்காலைப் பார்க்கிறது. இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு வலி போய், பயிற்சியும் மருந்தும் கைவிட்ட நிலையில் மூட்டு மாற்று அறுவை பெரிய வரம். அங்கேயும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: உலோகமும் பிளாஸ்டிக்கும் எலும்புமுனைக்குத்தான் மாற்று. மாற்றிய மூட்டையும் தூக்கி நடத்துவது அதே பழைய தசைதான். அறுவைக்கு முன்பே தொடையைப் பலப்படுத்தியவர்கள் சீக்கிரம் எழுந்து நடக்கிறார்கள் என்று பிசியோதெரபிஸ்டுகள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். தேய்மானம் என்று எழுதும் சீட்டின் அடுத்த வரியில், இந்தக் காலுக்கு என்ன பயிற்சி, எத்தனை தடவை, எவ்வளவு நடக்கலாம் என்றும் எழுதுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் வீட்டுக்கு வருகிறவர்கள்தான் சோபாவில் உட்கார்ந்துவிடுகிறார்கள். எழுதாவிட்டால், படிக்கிறவர்களே, எழுந்து வருவதற்கு முன் நீங்கள் கேட்டு வாங்குங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது, அங்கே பயிற்சியைச் செய்துகாட்டிக் கற்றுத் தருகிறார்கள், அதற்குக் கட்டணம் கிடையாது.